ஸ்ட்ராபெர்ரி: ஓடுதண்டில் வந்த கன்றுகளை வெட்டுவதா, வேர்பிடிக்க விடுவதா? (கோவை, மொட்டை மாடி)

வடவள்ளி மாடி
ஜூன் 24

அனைவருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சில ஆண்டுகளாகக் கீரை, தக்காளி, கத்தரி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். சென்ற அக்டோபரில் குடும்பத்தோடு உதகைக்குச் சென்று திரும்பும் வழியில், சாலையோர நாற்றுக்கடை ஒன்றில் நான்கு ஸ்ட்ராபெர்ரிச் செடிகளை வாங்கி வந்தேன். என்ன ரகம் என்று கேட்டதற்கு, "நல்லா காய்க்கும்மா" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

நான்கில் ஒன்றை நானே கொன்றுவிட்டேன் என்பது இப்போது புரிகிறது. தக்காளி நாற்றுக்குச் செய்வது போலத் தண்டு மறையும் அளவுக்கு மண்ணை அணைத்து நட்டேன். பத்து நாளில் நடுக்குருத்து கறுத்து, தொட்டதும் இலைக்கொத்து முழுவதும் கையோடு வந்துவிட்டது. மற்ற மூன்றும் பிழைத்தன. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மூன்றிலுமாகச் சேர்த்து 22 பழங்கள் பறித்தோம். (கணக்கு ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுடையது; நாட்காட்டியில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறாள்.) அவற்றில் பாதிதான் நல்ல வடிவில் இருந்தன. மீதிப் பழங்கள் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சூம்பி, நுனியில் விதைகள் நெருக்கியடித்துக்கொண்டு கெட்டியாக இருந்தன.

மார்ச் பிறந்ததும் பூப்பது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, செடியின் அடியிலிருந்து சிவப்பு நூல் போன்ற தண்டுகள் புறப்பட்டுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கத் தொடங்கின. ஏப்ரல், மே மாதங்களில் பச்சை நிழல்வலையின் கீழ் வைத்தும் இலை ஓரங்கள் கருகின. செடிகள் போய்விடும் என்றே நினைத்தேன். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் மூன்றும் புதுக்குருத்து விட்டுத் தேறிவிட்டன. இப்போது ஒவ்வொரு செடியிலும் நான்கைந்து தண்டுகள் இருக்கின்றன. ஒரு தண்டில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குட்டிச் செடிகள் தொங்குகின்றன.

என் கணவர், எல்லாத் தண்டுகளையும் வெட்டி எறிந்தால்தான் தாய்ச்செடி தேறும் என்கிறார். எனக்கோ வெட்ட மனம் வரவில்லை. இவற்றை வேர்பிடிக்க வைத்தால் அடுத்த பருவத்தில் காய்க்குமா? எந்தக் குட்டியை எடுப்பது, எப்போது தாயிடமிருந்து பிரிப்பது? மகள் ஒரு பழத்தின் மேல்தோலைச் சீவி விதைகளைத் தாளில் உலர்த்தி வைத்திருக்கிறாள். அதில் பயன் உண்டா? சிறுவாணித் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறேன் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 1,200-ஐத் தாண்டுகிறது); இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறுவது அதனால்தானா? வெயில் காலத்தில் தினமும் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் பூக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


கோத்தகிரிக்காரன்
ஜூன் 24

வணக்கம் சகோதரி. கோத்தகிரியில் தேயிலைக்கு நடுவே கால் ஏக்கரில் ஸ்ட்ராபெர்ரி வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அத்தனை தண்டுகளையும் விட்டால் தாய் மெலியும். அத்தனையையும் வெட்டினால், வரும் அக்டோபரில் மறுபடியும் நாற்றுக்கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். செடியின் அடியில், வேருக்கும் இலைக்கும் நடுவே, விரல் தடிமனில் கட்டையாக ஒரு பகுதி இருக்கும். நாங்கள் அதைக் கொண்டை என்போம். இலைக்காம்புகளின் கக்கத்தில் இருக்கும் மொட்டுகள், வெயிலும் பகல் நீளமும் கூடும்போது ஓடுதண்டாகக் கிளம்பும். குளிர்ந்து பகல் குறையும்போது அதே மொட்டுகள் பக்கக் கொண்டைகளாகத் தடிக்கும். பூங்கொத்து கொண்டையின் உச்சியிலிருந்து வருவது. இரவுக் குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்கும் இடங்களில்தான் பழைய ரகங்கள் தாராளமாகப் பூக்கும். நம் பக்கத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம், மிக நீண்டது பன்னிரண்டே முக்கால் மணி நேரம், வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே நமக்குக் குளிர்தான் பெரிய சாவி. மார்ச்சில் உங்கள் செடி பூப்பதை நிறுத்திவிட்டுத் தண்டு விட்டது நோயல்ல. கோவை வெயிலில் அது செய்ய வேண்டியதையே செய்திருக்கிறது.

இனிக் கன்றுகளுக்கு வருவோம். மூன்று தாய்ச்செடிகளில் எது அதிகம் காய்த்தது, எதன் இலை சுருக்கமோ புள்ளியோ இல்லாமல் இருக்கிறது என்று உங்கள் மகளின் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த ஒன்றில், அதிகம் போனால் இரண்டில் மட்டும், ஆளுக்கு மூன்று நான்கு தண்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றை அடியோடு வெட்டிவிடலாம். பள்ளியில் ஓடுதண்டுக்கு எடுத்துக்காட்டாக வல்லாரையைப் படித்திருப்போம். வல்லாரை கணுவுக்குக் கணு வேர்விடும். ஸ்ட்ராபெர்ரியில் முதல் கணு பெரும்பாலும் மொட்டையாகவே இருக்கும், ஒரு சிறு செதில் மட்டும் தெரியும். இரண்டாவது கணுவில்தான் இலைக்கொத்து விரியும். அந்தக் கொத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: அரிசி முனை அளவில் வெளிறிய, சில வேளை இளஞ்சிவப்பான முட்கள் போலச் சில முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் வேர். காற்றில் தொங்கினால் அவை காய்ந்து பழுப்பாகிக் கெட்டியாகிவிடும். ஈர மண்ணைத் தொட்டால் ஒரு வாரத்தில் வெள்ளையாக இறங்கும்.

தாய்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறு கோப்பையை (டீக்கடைக் காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டாலும் போதும்) நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, கன்றை அதன் மேல் உட்கார வைத்து, கன்றுக்கு முன்னால் ஓடுதண்டின் மேல் ஒரு கொண்டை ஊசியைக் குத்திவிடுங்கள். மண்ணைப் போட்டு மூட வேண்டாம். நான்காவது செடிக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். கன்றைத் தாண்டி அடுத்த தண்டு நீண்டால் அந்த நுனியைக் கிள்ளிவிட்டால், சத்து இந்தக் கன்றிலேயே தங்கும். மூன்று தொங்கும் சங்கிலியில் முதலாவதுதான் வயதில் மூத்தது, பருமனும் அதற்கே, இரண்டாவதையும் எடுக்கலாம். மூன்றாவதற்கு நான் இடம் ஒதுக்க மாட்டேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, கன்றின் இலையைப் பிடித்து மிக மெல்ல மேலே இழுங்கள். மண் சேர்ந்து எழும்பினால் வேர் பிடித்துவிட்டது. அப்போதும் உடனே வெட்டிவிடாமல், மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம் தாயோடு இருக்க விடுவது நல்லது. கோப்பையில் தண்ணீர் வற்றினாலும் தாய் ஊட்டும். ஜூலை முதல் வாரத்தில் ஊசி குத்தினால் ஆகஸ்டு நடுவில் வெட்டலாம். செப்டம்பர் முடிவில் நிலையான தொட்டிக்கு மாற்றலாம். மாற்றி நடும்போது கொண்டையின் பாதி மண்ணுக்கு மேலும் பாதி மண்ணுக்குள்ளும் இருக்கட்டும். மேலே தூக்கி நட்டால் வேர் காயும், கீழே இறக்கி நட்டால் குருத்து அழுகும். இந்தச் செடி இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. நட்ட முதல் மாதம் எட்டிப் பார்க்கும் பூக்களைக் கிள்ளிவிட மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுடையது என்ன ரகம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிப்ரவரியோடு பூ நின்று தண்டு தாராளமாக வந்திருப்பதைப் பார்த்தால் குறும்பகல் ரகமாக (பகல் குறுகும்போது பூப்பது) இருக்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சாண்ட்லர், காமரோசா, புளோரிடாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஸ்வீட் சார்லி, வின்டர் டான் எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆல்பியன், சான் ஆண்ட்ரியாஸ் போன்றவை பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல், குளுமை இருக்கும்வரை பூக்கும். அவற்றில் ஓடுதண்டு குறைவு. அப்படிப்பட்ட செடியாக இருந்தால் தண்டுக்குக் காத்திராமல், இரண்டு மூன்று கொண்டை கட்டிய பழைய தூரைப் பெயர்த்து, ஒவ்வொரு கொண்டைக்கும் வேர் இருக்குமாறு கத்தியால் பிளந்து நடலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லி வைக்கிறேன். எங்கள் சோலை ஓரங்களில் மஞ்சள் பூப் பூத்து, சிவந்த சிறு பழத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் கொடி ஒன்று உண்டு. அதைக் காட்டு ஸ்ட்ராபெர்ரி என்று நம்பிச் சுற்றுலா வருபவர்கள் பிடுங்கிச் செல்கிறார்கள். அது வேறு இனம். பழத்தில் தண்ணீர்ச் சுவைதான். உண்மையான காட்டு ஸ்ட்ராபெர்ரி வெள்ளைப் பூவும் வெளிறிய பழமும் கொண்டது, தாவரவியல் பெயரிலேயே நீலகிரியைத் தாங்கியிருக்கிறது. இரண்டையுமே மலையிலேயே விட்டுவிடலாம்.


பணிநிறைவு தோட்டக்கலை ஆசிரியர்
ஜூன் 25

அம்மா, கோத்தகிரி அன்பர் கன்றுகளைப் பற்றிச் சொன்னதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. ஓடுதண்டில் வரும் கன்று தாயின் அச்சு அசலான நகல் என்பதால், தாயிடம் வைரசு இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். இலை சுருங்கி, நெளிந்து, ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகிக்கொண்டே போகும் செடியிலிருந்து கன்று எடுக்கவே கூடாது. அசுவினி இந்த வைரசுகளைச் செடிக்குச் செடி கொண்டு செல்லும் என்பதால், இளங்குருத்தின் அடியில் அதைக் கண்டதும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துவிடுங்கள். பெரிய பண்ணைகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திசு வளர்ப்பில் உருவான தாய்ச்செடிகளைப் புதிதாக வாங்குவதும் இதற்காகத்தான்.

மஞ்சளைப் பற்றி நீங்கள் ஐயப்பட்டது சரியே. நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுப்பது, அதுவும் இளம் இலையில் தொடங்குவது, இரும்புச் சத்துக் குறைபாட்டின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமல் இப்படி ஆவது அரிது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிடுவதால், இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போகிறது. ஸ்ட்ராபெர்ரிக்கு 5.5 முதல் 6.5 வரை பி.எச். இருந்தால் உகந்தது. அதோடு, பழப்பயிர்களில் உப்பைச் சற்றும் தாங்காதவற்றுள் இதுவும் ஒன்று. கோடையில் இலை ஓரம் கருகியதற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். உப்புக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். சிறுவாணித் தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது. மூன்று செடிகளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு லிட்டர் கூட ஆகாது; ஆகவே அதை ஒரு குடத்தில் பிடித்து இவற்றுக்கென்று ஒதுக்கிவிடுங்கள், கத்தரிக்கும் கீரைக்கும் கிணற்றுத் தண்ணீர் போகட்டும். மழை பெய்தால் நிழல்வலையை விலக்கித் தொட்டிகளை நன்றாக நனைய விடுங்கள். தங்கிய உப்பு அடி ஓட்டை வழியே வடிந்து போகும். நார்க்கழிவுக் கட்டியை வாங்கியதும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். கழுவாத கட்டியில் உப்பு ஏராளமாக இருக்கும்.

தக்காளியும் கத்தரியும் வளர்த்த பழைய மண்ணைக் கன்றுகளுக்குப் போடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் பொதுவான வாடல் பூசணம் ஒன்று மண்ணில் பல ஆண்டுகள் தங்கும்.

ஒரு பக்கம் சூம்பிய பழங்கள் மகரந்தச் சேர்க்கை குறைந்ததால் வந்தவை. நாம் பழம் என்று தின்பது உப்பிய பூத்தளம். மேலே விதைகள் என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றும்தான் தாவரவியல் கணக்கில் ஒரு தனிப் பழம். அவற்றுள் கருவுற்றவை மட்டுமே தமக்குக் கீழே உள்ள சதையை வளரச் செய்யும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். விதைகளை நீக்கினால் அந்த இடத்துச் சதை வளராமல் நிற்பதை நிட்ச் என்ற ஆய்வாளர் 1950-இல் சோதனை செய்து காட்டினார். உங்கள் பழத்தில் கெட்டியாக, விதைகள் நெருங்கி இருந்த பகுதி, மகரந்தம் போய்ச் சேராத பகுதி. மாடியில் தேனீ குறைவாக இருந்தால், பூ விரிந்த நாட்களில் காலை பத்து மணிக்கு மேல், பனி உலர்ந்தபின், மென்மையான ஓவியத் தூரிகையை எடுத்து, வெளி வட்டத்தில் நிற்கும் மகரந்தப் பைகளையும் நடுவில் மேடாக இருக்கும் பச்சை மொக்கையும் மாறி மாறி, சுற்றிச் சுற்றித் தடவிவிட வேண்டும். ஒரு பூவுக்குப் பத்து நொடி போதும், ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். பக்கத்தில் துளசி பூத்திருந்தால் தேனீயே வந்து இந்த வேலையைச் செய்துவிடும்.

விதைகளைப் பற்றி மகள் கேட்டிருப்பது எனக்குப் பிடித்த கேள்வி. முளைக்கும், ஆனால் தாயைப் போல இருக்காது. காரணம் இந்தச் செடியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஃபிரெசியே என்ற பிரெஞ்சுப் படைப் பொறியாளர் 1714-இல் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெர்ரிச் செடிகள் சிலவற்றைக் கப்பலில் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவை அத்தனையும் பெண் செடிகள். ஓடுதண்டு வழியே எத்தனை பெருக்கினாலும் பெண் செடிகளே வந்தன; பூத்தன, ஆனால் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த வர்ஜீனிய இனத்தின் அருகில் நட்ட பிறகுதான் காய் பிடித்தது. அந்த இரண்டின் கலப்பில் பிறந்ததே இன்று உலகெங்கும் நாம் தின்னும் தோட்ட ஸ்ட்ராபெர்ரி. அது கலப்பினம் என்பதை 1766-இல் துய்ஷேன் என்ற இளைஞர் எடுத்துக்காட்டினார். எட்டு மடங்கு குரோமோசோம்கள், மொத்தம் 56, இதன் உயிரணுவில் இருக்கின்றன. விதை ஒவ்வொன்றும் அவற்றை வேறு வேறு விதமாகக் கலைத்துப் போட்டுப் பிறக்கும். மகள் பத்து விதை போட்டால் பத்து விதமான செடி வரும், பெரும்பாலும் தாயைவிடச் சுமாராக. இருந்தாலும் போடட்டும். உலர்ந்த விதைகளை ஈரத்தாளில் சுற்றி மூன்று நான்கு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தெடுத்து, நார்க்கழிவின் மேல் தூவி, மூடாமல் விட வேண்டும். முளைக்க வெளிச்சம் தேவை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் கடுகை விடச் சிறிய இரண்டு இலைகள் தெரியும்.

ஐஸ் கட்டி வேண்டாம். பூ மொட்டு கட்டுவதற்குக் கொண்டையும் இலையும் வாரக்கணக்கில் குளுமையை உணர வேண்டும். அரை மணி நேரத்தில் உருகிப்போகும் கட்டியால் வேர்தான் விறைக்கும்.


அடையாறு தொட்டிகள்
ஜூன் 25

பெரியவர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆயினும் சமவெளியில் இருந்து ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சென்னையில் மூன்று ஆண்டுகள் இதே முயற்சியில் இறங்கி, மூன்று முறையும் மே மாதத்தில் தாயையும் கன்றையும் சேர்த்துப் பறிகொடுத்தேன். முதல் முறை வெயில். இரண்டாம் முறை நிழல்வலை, செங்கல் மேல் தொட்டி, மூடாக்குக்குக் காய்ந்த இலை என்று எல்லாம் செய்தும் செஞ்சிலந்தி வந்துவிட்டது. இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியது போல வெளிர்புள்ளிகள், அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வலை. தண்ணீரை இலைக்கு அடியில் பீய்ச்சியும் வேப்பெண்ணெய் தெளித்தும் ஒரு மாதம் இழுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை கன்றுகளை அறைக்குள் ஜன்னலோரம் வைத்தேன். வெளிச்சம் போதாமல் காம்பு நீண்டு சோர்ந்து விழுந்தன.

இப்போது நான் இதைச் செண்டுமல்லியைப் போல ஒரு பருவப் பயிராகவே வைத்துக்கொண்டுவிட்டேன். நவம்பர் மழை ஓய்ந்ததும் மலையிலிருந்து புது நாற்று வாங்கி, மார்ச் வரை பறித்துவிட்டு, தூரைப் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிடுகிறேன். ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்போன மகாராஷ்டிர மலையூர் மகாபலேஸ்வர் விவசாயிகளே ஆண்டுதோறும் புது நாற்றுத்தானே நடுகிறார்கள்? அவர்களுக்கே அப்படியென்றால், டிசம்பர் இரவிலும் வியர்க்கும் ஊரில் நான் ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. கோவைக்குக் கணவாய்க் காற்று இருக்கிறது, உங்கள் செடிகளும் மேயைத் தாண்டிவிட்டன. ஆகவே நீங்கள் முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லா நம்பிக்கையையும் கன்றுகளின் மேல் வைக்காமல், அக்டோபரில் இரண்டு புது நாற்றும் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை.


கோத்தகிரிக்காரன்
ஜூன் 26

அடையாறு அன்பருக்கு: மகாபலேஸ்வரில் ஆண்டுதோறும் நடும் நாற்றும் ஓடுதண்டில் எடுத்த கன்றுதான் ஐயா. மழைக் காலத்தில் நாற்றங்காலில் தாய்ச்செடியிலிருந்து கன்று எடுத்து, செப்டம்பர், அக்டோபரில் வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். சகோதரி செய்யப்போவதும் சிறிய அளவில் அதே வேலை. பழைய தாயை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற அளவில் உங்களோடு நானும் உடன்படுகிறேன். இரண்டு ஆண்டுக்கு மேல் பழகிய தூரில் பழம் சிறுத்துவிடும்.


வடவள்ளி மாடி
ஜூலை 19

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. இடைப்பட்ட நாட்களில் செய்ததைத் தெரிவிக்கிறேன்.

மகளின் நாட்காட்டிப்படி 22 பழங்களில் 11 பழங்கள் ஒரே தொட்டியில் வந்தவை. அந்தச் செடியில் நான்கு தண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற இரண்டு செடிகளின் தண்டுகளை என் கணவர் கையாலேயே வெட்டச் சொன்னேன், அவருக்கும் மனநிறைவு. ஜூன் 28 அன்று நான்கு காகிதக் கோப்பைகளில் கன்றுகளை உட்கார வைத்து ஊசி குத்தினேன். நீங்கள் சொன்ன அரிசி முனை போன்ற வேர் முளைகள் மூன்றில் தெளிவாகத் தெரிந்தன. நான்காவதில், அது சுவரோரம் வெகுநாள் தொங்கியதாலோ என்னவோ, முளைகள் பழுப்பாகி மரம் போலக் கெட்டியாக இருந்தன.

காகிதக் கோப்பை பன்னிரண்டாம் நாளே ஊறிக் கிழிந்துவிட்டது. கன்றை அசைக்காமல், கோப்பையோடு அப்படியே தயிர் டப்பாக்களுக்குள் இறக்கிவிட்டேன். நேற்று மெல்ல இழுத்துப் பார்த்தேன். மூன்று கன்றுகளும் மண்ணைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தன. ஒன்றின் டப்பா ஓட்டையில் வெள்ளை வேர் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. நான்காவது இழுத்ததும் வந்துவிட்டது, ஆனால் இலை வாடவில்லை.

தாய்க்குச் சிறுவாணித் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். பழைய மஞ்சள் இலைகள் மாறவில்லை. புதிதாக வந்த இரண்டு இலைகள் முழுப் பச்சையாக இருக்கின்றன. விதைகள் ஈரத்தாளில் சுற்றி, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. மேலே "தொடாதே" என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

இப்போது ஒரே கேள்வி: அந்த நான்காவது கன்றை விட்டுவிடுவதா?


கோத்தகிரிக்காரன்
ஜூலை 19

விட வேண்டாம். இலை வாடாமல் இருப்பது தாய் இன்னும் ஊட்டுவதால்தான். எனவே தண்டை வெட்டிவிடாதீர்கள். கன்றின் அடியில் காய்ந்துபோன முளைகளுக்குச் சற்று மேலே, பழைய செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் உரித்துவிட்டு, அந்த இடம் மண்ணில் படுமாறு மறுபடி உட்கார வைத்து, ஊசியைச் சற்று இறுக்கிக் குத்துங்கள். மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். புது முளை வந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் தெரியும். மற்ற மூன்றையும் ஆகஸ்டு 10 வரை தொடாதீர்கள். வெட்டும்போது, எந்தப் பக்கம் தாய் என்று அடையாளம் தெரியக் கன்றின் தாய்ப்பக்கத்தில் இரண்டு அங்குலத் தண்டை விட்டே வெட்டுங்கள். நடும்போது அந்தத் துண்டு தொட்டியின் நடுவைப் பார்த்து இருந்தால், பூங்கொத்து பெரும்பாலும் எதிர்ப்பக்கமாக, விளிம்பை நோக்கிச் சாயும், பழம் மண்ணில் படாமல் வெளியே தொங்கும்.